உங்கள் சார்பில்

பேசிக்கொண்டிருந்த குரல் பாதிச் சொல்லில் நின்றுபோனதும், கரண்டுதான் போய்விட்டது என்று பூங்கோதை நினைத்தாள். தலைக்கு மேல் விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. மூன்று சுற்றுக்கு ஒருமுறை கிறீச்சென்று முனகும் பழைய வழக்கத்தையும் அது விடவில்லை. தவிர, கரண்டுக்கும் கைபேசிக்கும் என்ன சம்பந்தம், சார்ஜ் எண்பத்திரண்டு இருக்கிறது என்று காலையில் இதே குரல்தானே சொன்னது, அப்படியானால் போனது கரண்டு இல்லை, போனது குரல். விரலால் திரையைத் தொட்டாள். ஒன்றுமில்லை. வலப்பக்கம் தள்ளினாள், இடப்பக்கம் தள்ளினாள், இரண்டு விரல் வைத்துப் பார்த்தாள். வழுவழுவென்று ஒரு கண்ணாடித் துண்டு, லேசான சூடு, அவ்வளவுதான். ஏழு வயதில் காய்ச்சலோடு பார்வை போனவளுக்கு, நாற்பத்தொரு வயதில் இப்போது இரண்டாம் தடவையாகப் பார்வை போயிற்று. மதியம் ஒன்றேகால் மணி. திருச்சியில் ஓர் அரசு அலுவலகத்தின் டெலிபோன் போர்டு அறை. பத்தொன்பது வருடமாக அழைப்புகளை இணைத்துக் கொடுத்து அவள் உட்காரும் நாற்காலி. பக்கத்து மேசையில் பதிவறை ரெஜினா சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு, கையைத் தலைக்கு வைத்துத் தூங்கத் தொடங்கியிருந்தாள். ரெஜினாவின் மூச்சு ஒரு சீராக வந்தது. தூங்குகிறவர்கள் எல்லோரும் நல்லவர்கள் என்று பூங்கோதைக்கு எப்போதும் ஓர் எண்ணம். அந்த எண்ணம் இப்போது எதற்கு வந்தது என்று அவளுக்கே விளங்கவில்லை.

என்ன செய்தோம் என்று விரல் வைத்த இடமெல்லாம் மனசுக்குள் திரும்ப நடந்து பார்த்தாள். அமைப்புகளுக்குள் போனது சரி. அதற்குள் ‘அணுகல்தன்மை’ என்ற பக்கம், அதுவும் சரி. அங்கே இரண்டே இரண்டு செயலிகளுக்குத்தான் முழு அனுமதி இருந்தது. ஒன்று வாசிப்பான், அதாவது திரையில் இருப்பதையெல்லாம் அவளுக்குப் படித்துச் சொல்கிற குரல். இன்னொன்று துணைவிழி, அது அண்ணன் போட்டது. துணைவிழியின் அனுமதியைப் பிடுங்கத்தான் போனாள். ஆனால் போர்டில் உட்கார்ந்து பழகிய கைக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு: முழுதாகக் கேட்பதில்லை. குரலை மூன்று மடங்கு வேகத்தில் வைத்திருப்பாள், அதிலும் முதல் எழுத்து காதில் விழுந்ததும் விரல் அடுத்ததற்குத் தாவியிருக்கும். ‘ஹலோ’ என்பதில் ‘ஹ’ வந்தாலே இது எந்த அதிகாரி, எத்தனாம் நம்பருக்கு என்று தெரிந்துவிடும் காது. அந்த நேரம் பார்த்து ரெஜினா நாற்காலியை இழுத்தாள். சிமெண்டுத் தரையில் அந்தச் சத்தம் ஒரு பெயரைத் தின்றுவிட்டது. சரி, உள்ளே போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்று உள்ளே போனாள். உள்ளே, ‘இந்தச் செயலியால் உங்கள் திரையில் உள்ள அனைத்தையும் பார்க்க முடியும், உங்கள் சார்பில் செயல்பட முடியும்’ என்றது குரல். இவன்தான், சந்தேகமே இல்லை, இவனேதான் என்று இரண்டு முறை தட்டினாள். நிறுத்தவா என்று கேட்டது. நிறுத்து. ‘வாசிப்பான் நி’ என்ற இடத்தில் அறுந்தது. இரண்டுக்கும் ஒரே வாசகத்தை எழுதி வைத்திருக்கிறார்கள், பாவிகள். அவள் கண்ணுக்கும் அண்ணன் கண்ணுக்கும் ஒரே வரி. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். இவள் குரங்கைப் பிடிக்கப் போய்ப் பிள்ளையாரை அல்லவா ஆற்றில் போட்டுவிட்டாள்.

உங்கள் சார்பில். அந்த இரண்டு சொல் நாக்கில் ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்றது. பள்ளியில் சேர்த்தபோது அப்பா அவள் சார்பில் பெருவிரலைப் பிடித்து மையில் அழுத்தினார். கல்யாண வீடுகளில் அவள் சார்பில் அண்ணி ‘அவளுக்கு ரசம் போதும்’ என்று சொல்லிவிடுவாள், இவளுக்குச் சாம்பார் வேண்டும் என்று இருக்கும். கடையில் அவள் எடுக்கும் புடவைக்குக் கடைக்காரர் அண்ணியிடம்தான் நிறம் சொல்வார். நீலமா என்று இவள் கேட்பாள். அவளுக்கு நீலம் தெரியும். ரேஷன் கடையில் அளவுக் குவளையிலிருந்து கேனுக்கு இறங்கும் மண்ணெண்ணெய், வெயில் ஊடே புகுந்து, பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல ஒரு நீலம். அதுதான் அவளிடம் மிச்சமிருக்கும் நிறங்களில் மங்காதது. மற்றவையெல்லாம் துவைத்துத் துவைத்து வெளிறிவிட்டன. அந்த வரிசையில் நின்றபோது முன்னால் நின்றது யார், அண்ணன்தானா, அவன் அரைக்கால் சட்டையின் பின்பாக்கெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாளே. அப்போது அவளுக்குப் பார்வை இருந்தது. பார்வை இருந்தபோதும் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். இது ஞாபகம் வந்ததும் அவளுக்கு அண்ணன் மேல் கோபமே இல்லை என்று தோன்றியது. கோபமில்லாமல் ஒருவனை எப்படிப் பிடுங்கி எறிவது என்றும் தோன்றியது.

அண்ணன் செங்குட்டுவன் சத்திரம் பஸ் நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். ஒரே தங்கை. பெற்றவர்கள் போனபிறகு உறையூர் வீட்டில் அவன், அண்ணி, இவள். இரண்டு வருடத்துக்கு முன் ஐப்பசி மழையில் பஸ் வேறு வழியாகத் திருப்பிவிடப்பட்டு, தன் நிறுத்தம் என்று நினைத்து எங்கோ இறங்கிவிட்டாள். மழைச் சத்தத்தில் ஊரே அழிந்துபோயிருந்தது. எந்தப் பக்கம் தெரு, எந்தப் பக்கம் சாக்கடை என்று தெரியாமல் ஒரு கடையின் ஷட்டரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் நின்றாள். அண்ணன் பைக்கில் தெருத்தெருவாகத் தேடிக் கண்டுபிடித்தபோது அவன் அழுதான். அண்ணன் அழுது அவள் கேட்டது அப்பா செத்தபோதும் அன்றைக்கும்தான். மறுநாளே அவளிடமிருந்து கைபேசியை வாங்கி என்னென்னவோ தட்டினான். ‘பாப்பா, இனிமே நீ எங்க இருந்தாலும் நான் பக்கத்துலயே இருக்கற மாதிரி. என் போன்ல உன் போன் அப்படியே தெரியும். ஏதாச்சும் மாட்டிக்கிட்டா நான் கடையிலேருந்தே சரி பண்ணிருவேன்’ என்றான். சரிண்ணே என்றாள். அனுமதிக்கவா என்று அது ஐந்து தடவை கேட்டது. ஐந்து தடவையும் அவன் விரல்தான் அனுமதித்தது. உண்மையிலேயே உதவியாகத்தான் இருந்தது. இவள் அலுவலகத்தில் எதிலோ சிக்கிக்கொண்டு முழிப்பாள், திடீரென்று பக்கம் தானாகத் திரும்பும், சரியான பொத்தான் தானாக அமுங்கும். கடைக்கு வருகிறவர்களிடம் அவன் இதைப் பெருமையாகக் காட்டுவானாம், என் தங்கச்சி போன், இங்கேருந்தே ஓட்டுவேன் பாருங்க என்று. அண்ணி சொல்லித்தான் தெரியும். கேட்டபோது பூங்கோதை சிரித்தாள். பிறகு ஏன் அன்றைக்கு முழுதும் புடவைத் தலைப்பை இழுத்து இழுத்து மூடிக்கொண்டாள் என்பது வேறு விஷயம்.

சோன்பப்டி என்ற ஒன்று இல்லாமலிருந்தால் ஒருவேளை இப்படியே காலம் போயிருக்கும். மூன்று வாரத்துக்கு முன் தர்மபுரி போர்டில் இருக்கும் தணிகாசலத்துக்கு எழுதிய செய்தியில், எதற்கோ பேச்சு வந்து, சின்ன வயதில் தள்ளுவண்டி மணிச்சத்தத்துக்குக் காத்திருந்து சோன்பப்டி வாங்கியதையும், தின்று பல வருடம் ஆகிவிட்டதையும் எழுதினாள். வேறு யாரிடமும் சொல்லவில்லை. வாய்விட்டு முணுமுணுக்கக்கூட இல்லை. மறுநாள் சாயங்காலம் அண்ணன் ஒரு டப்பாவை அவள் கையில் வைத்தான். ‘சும்மா தோணுச்சு, வாங்கிட்டு வந்தேன்.’ சும்மா தோன்றியதா. தோன்றலாமே, சத்திரத்தில் ஆயிரம் பெட்டிக்கடை, கண்ணில் பட்டிருக்கும். இரண்டு வருடமாகப் படாதது அன்றைக்குப் பட்டிருக்கும். அவள் தின்றாள். வாயில் நூல் நூலாகக் கரைந்தது, அந்த இனிப்புக்கு அடியில் என்னவோ ஒரு பயம் கரையாமல் நின்றது. ரொம்ப நல்லாருக்குண்ணே என்றாள். அவன் சந்தோஷப்பட்டான். அந்தச் சந்தோஷம் பொய்யில்லை. கெட்ட எண்ணத்தோடு ஒருவன் ஒட்டுக்கேட்டால் அவனைத் திட்டலாம், சண்டை போடலாம். ஒட்டுக்கேட்டுவிட்டு இனிப்பு வாங்கிவருகிறவனை என்ன செய்வது? அதிலிருந்து அவள் தணிகாசலத்துக்கு எழுதுவது குறைந்தது. எழுதினாலும் இங்கே வெயில், அங்கே எப்படி என்ற அளவில் நின்றது. ஒவ்வொரு எழுத்தையும் தட்டும்போது தோளுக்குப் பின்னால் ஆள் நிற்பதுபோல் முதுகு குறுகுறுத்தது.

நேற்று பார்வையற்றோர் சங்கத்தில் போன் வழியாகவே ஒரு வகுப்பு வைத்தார்கள். எடுத்த பெண் கோவைக்காரி, ஒவ்வொன்றையும் மரியாதையாகச் சொன்னாள். ‘எதுக்கு என்ன அனுமதி கொடுத்திருக்கோம்னு ஒருக்கா உள்ள போயிப் படிச்சுப் பாருங்க. முழு அனுமதி வாங்கினது நீங்க தட்டறது, படிக்கறது எல்லாத்தையும் பாக்கும்ங்க. நீங்க திறந்தா அதுக்கும் திறந்தாப்புலதான்’ என்றாள். நாற்பது பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பூங்கோதைக்கு மட்டும் சோன்பப்டி ஞாபகம் வந்தது. போனை வைத்ததும் வேகம் பிறந்து, கண்ட செயலிகளிடமிருந்தெல்லாம் அனுமதியைப் பிடுங்கினாள். மைக் யார் யாரிடம் இருக்கிறது என்று பார்த்து ஒன்று விடாமல் வாங்கிவிட்டாள், வாயால் சொன்னால் வேலை செய்கிற உதவிக் குரலிடமிருந்தும் சேர்த்து. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய வேலைதான். அது இருந்திருந்தால் இப்போது ஒரு வார்த்தை சொல்லி வாசிப்பானை எழுப்பியிருக்கலாம். நேற்று காதை அடைத்தாள், இன்றைக்கு வாயை அடைத்தாள். துணைவிழியை மட்டும் நேற்று தொடவில்லை. அது என்னமோ கை போகவில்லை. சாப்பாட்டு நேரத்தில் செய்துகொள்ளலாம், அண்ணனும் அப்போது சாப்பிடப் போயிருப்பான் என்று தள்ளி வைத்தாள். அண்ணனுக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்ய நாற்பத்தொரு வயதில் நேரம் பார்க்க வேண்டியிருந்தது.

தணிகாசலத்துக்குத் தர்மபுரி அலுவலகத்தில் இதே வேலை. நாற்பத்தாறு வயது, கல்யாணமாகாதவர். அவருக்கும் பார்வை இல்லை, ஒரு கண்ணில் நிழல் மட்டும் தெரியும். எட்டு வருடமாகத் திருச்சி லைன் கேட்டு அவர் கூப்பிடுவார், தர்மபுரி லைன் கேட்டு இவள் கூப்பிடுவாள். அதிகாரிகள் இணைப்புக்கு வருவதற்குள் கிடைக்கும் பத்து விநாடி, பன்னிரண்டு விநாடி. அதில் என்ன பேசிவிட முடியும், ‘இங்க தூத்தல், அங்க?’ என்பார், ‘இங்க காயுதுங்க’ என்பாள், அதற்குள் அதிகாரி வந்துவிடுவார். எட்டு வருடத்துப் பத்து விநாடிகளை எல்லாம் சேர்த்தால் எவ்வளவு வரும், ஒரு நாள் வருமா, ஒரு மதியம் வருமா. அந்த மதியத்துக்குள்தான் அவருடைய அம்மா நோயில் விழுந்து செத்துப்போனாள், இவளுக்கு நிரந்தர உத்தரவு வந்தது, அவர் ஒருமுறை விக்கி விக்கிச் சிரித்தார். போன மாதம் எழுதினார்: ‘ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் உங்கள் வீட்டுக்கு வந்து உங்கள் அண்ணனிடம் கேட்கலாமா? நீங்கள் வேண்டாம் என்றால் இந்தப் பேச்சையே விட்டுவிடுகிறேன்.’ அந்தச் செய்தியை அவள் தன்னுடையது மட்டும் என்று நினைத்து எத்தனை தடவை திறந்து திறந்து கேட்டாள். வரலாம் என்று ஒரு சொல்லில் பதில் போட்டாள். அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை. ஆனால் அண்ணனுக்குத் தெரியாமலா இருக்கும். தெரிந்தால் ஏன் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதால் தெரியாது என்று அர்த்தமா, தெரிந்தும் நாள் பார்க்கிறான் என்று அர்த்தமா. அவன் கடையில் கூட்டமில்லாத நேரம்தான் துணைவிழியைத் திறப்பான். கூட்டம் எப்போது இருக்காது என்று யாருக்குத் தெரியும். இந்த இடத்தில் நினைப்பு எப்போதும் முள்ளில் மாட்டிய துணிபோல நின்றுவிடும், இழுத்தால் கிழியும்.

இன்றைக்குக் காலை பதினோரு மணிக்குப் போர்டில் இரண்டு லைன் சேர்ந்து அடிக்கும்போது அவர் செய்தி வந்தது. வாசிப்பான் முதல் வரியை மட்டும் சொன்னது: ‘பூங்கோதை, ஞாயிற்றுக்கிழமை வருவதைப் பற்றி யோசித்தேன்’. அவ்வளவுதான், மிச்சத்தைத் திறந்தால்தான் கேட்கலாம். யோசித்தேன் என்றால்? யோசித்து முடிவுக்கு வந்தவர்கள் யோசித்தேன் என்று தொடங்குவதில்லை. வேண்டாம் என்று சொல்லப்போகிறவர்கள்தான் அப்படித் தொடங்குவார்கள். இல்லை, அவர் பேச்சே அப்படித்தான், மழை பெய்கிறது என்று சொல்லக்கூட யோசிப்பவர். இரண்டு மணி நேரமாக அந்தச் சொல்லைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டாள். திறந்திருக்கலாம், விரல் கூசியது. திறந்தால் அவளோடு சேர்ந்து அண்ணனும் படிப்பான். வரமாட்டேன் என்று இருந்தால், அவள் அழுவதற்கு முன்னால் அவன் அழுவான். சாயங்காலம் ஏதாவது இனிப்பு வாங்கிக்கொண்டு வந்து நிற்பான். வருகிறேன் என்று இருந்தால், அவள் சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் அவனுக்கு ஆயிரம் கேள்வி பிறந்துவிடும். எதுவானாலும் முதலில் தனியாக, ஒரே ஒரு தடவை தனியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கூத்தெல்லாம்.

இப்போது என்ன செய்யலாம். ரெஜினாவை எழுப்பலாம். நல்லவள், கண் உள்ளவள், அரை நிமிடத்தில் சரி செய்து கொடுப்பாள். ஆனால் அவளுக்குக் கண்ணில் படுவதையெல்லாம் உரக்கப் படிக்கும் பழக்கம். பஸ்ஸில் போனால் கடைப் பலகைகளையும், கல்யாணப் பத்திரிகை வந்தால் தாய்மாமன் பெயர்வரைக்கும் படிப்பாள், பூங்கோதைக்காகத்தான் படிக்கிறாள். மேலே கிடக்கும் தணிகாசலத்தின் வரியையும் படித்துவிட்டு, ‘யாருடி இது?’ என்பாள், இரண்டு மணிக்குள் மூன்று மாடிக்கும் தெரிந்துவிடும். இன்னொரு வழியும் இருந்தது. கைபேசியின் பக்கத்தில் சத்தம் கூட்டும் பொத்தானையும் குறைக்கும் பொத்தானையும் சேர்த்து மூன்று விநாடி அழுத்தினால் முன்னெல்லாம் வாசிப்பான் விழித்துக்கொள்ளும். அண்ணன் துணைவிழியைப் போட்டபோது அந்தக் குறுக்குவழியையும் அதற்கே மாற்றிவிட்டான். அழுத்தினால் அவன் கைபேசியில் அபாய மணி அடிக்கும். மழையில் மாட்டினால் அழுத்து பாப்பா என்றான். இப்போது அழுத்தினால் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு பைக்கில் ஓடிவருவான். அவன் பிடியிலிருந்து கழன்றுகொள்ள அவனையே கூப்பிட வேண்டும். சங்கத்தில் புதிதாகப் போன் வாங்குகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுப்பது இவள்தான். ஊருக்கெல்லாம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி.

அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. வாசிப்பான் ஓடும்போது திரையை அவள் இருட்டாகவே வைத்திருப்பாள், பார்வையில்லாதவர்கள் பலர் அப்படித்தான், வெளிச்சம் நமக்கெதற்கு. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்த்தால் கறுப்புக் கண்ணாடிதான் தெரியும், அதில் அவளுக்கு ஒரு கர்வம்கூட உண்டு. வாசிப்பான் போனதும் அந்த இருட்டும் விலகியிருக்கும். அப்படியானால் இந்தச் சாமான் இப்போது பளிச்சென்று எரிந்துகொண்டு கிடக்கிறது, ஊர் உலகம் எல்லோருக்கும் தெரிகிறது, அவள் ஒருத்திக்குத்தான் தெரியவில்லை. சட்டென்று குப்புறக் கவிழ்த்து மடியில் வைத்து உள்ளங்கையால் பொத்தினாள். கோழி முட்டையைப் பொத்துவதுபோல என்று அவளுக்கே சிரிப்பு வந்தது. தொடவும் பயமாக இருந்தது. குரல் இருக்கும்போது ஒரு தொடல் பெயர் சொல்லும், இரண்டு தொடல்தான் வேலை செய்யும். குரல் இல்லாதபோது தொட்டதெல்லாம் வேலை செய்யும். ஏற்கெனவே எத்தனை இடத்தில் தேய்த்தாளோ, யாருக்கு என்ன போயிருக்குமோ, எதை அழித்தாளோ. ஒருவேளை அந்தச் செய்தியையே அழித்துவிட்டாளோ.

கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். உண்ட மயக்கம் என்று சொல்ல அவள் இன்னும் டப்பாவையே திறக்கவில்லை. இருந்தாலும் மதியத்துக்கு ஒரு மயக்கம் உண்டு. ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தில் அணில் ஒன்று விடாமல் கத்தியது, எங்கோ ஒரு டைப் அடிக்கும் சத்தம் வந்து வந்து நின்றது, விசிறிக் காற்று நெற்றி முடியைத் தூக்கித் தூக்கி வைத்தது. குரல் இல்லாத கைபேசி மடியில் கனத்தது. இது வருவதற்கு முன் எப்படி வாழ்ந்தோம் என்று யோசித்தாள். கடிதம் வந்தால் அண்ணன் படித்துக் காட்டுவான், அதில் எதை விட்டுவிட்டுப் படித்தான் என்று யாருக்குத் தெரியும். இந்தக் குரல் வந்த அன்றைக்குத்தான், யாரும் இடையில் இல்லாமல், முதன்முதலாக ஒரு முழுக் கடிதத்தை அவளே படித்தாள். ஏதோ வங்கியின் விளம்பரம். அதை நாலு தடவை படித்தாள். என்ன சுகம் அது. கண்ணை மூடினாள், அவளுக்கு அதில் வித்தியாசம் ஒன்றும் இல்லை என்றாலும் மூடினாள். ஒரு வீடு வந்தது, உறையூர் வீடு இல்லை, வேறு எதுவோ, சுவரில் கை வைத்தால் குளுகுளுவென்றிருந்தது. கதவு எந்தப் பக்கம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. யாரோ உள்ளே இங்க தூத்தல், அங்க என்று கேட்டார்கள். இங்கேயும் தூத்தல்தான், நான் இங்கேதானே இருக்கிறேன் என்றாள். அந்த வீட்டில் அண்ணன் எங்கே நிற்பான் என்று தேடினாள். அவனுக்கு ஓர் இடம் இருந்தது, வாசலில், செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ள வரலாமா பாப்பா என்று கேட்கிற இடம். அண்ணன் அப்படிக் கேட்டு அவள் இதுவரை கேட்டதில்லை.

‘வாசிப்பான் இயக்கப்பட்டது’ என்றது மடி.

அவள் விரல் எதிலும் படவில்லை. கை பின்புறத்தைத்தான் பொத்தியிருந்தது, திரை புடவையைப் பார்த்துக் கிடந்தது. ரெஜினாவின் மூச்சு அதே சீரில் வந்துகொண்டிருந்தது. அறையில் வேறு யாரும் இல்லை. அப்படியானால் சத்திரம் பஸ் நிலையத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் இயந்திரத்துக்குப் பக்கத்தில், ஒரு விரல். அவன் சாப்பிடப் போகவில்லை. எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்? அவள் துணைவிழியைத் தேடி உள்ளே போனதையா, தவறிப்போய்த் தன் கண்ணையே அணைத்ததையா, பிறகு கண்டபடி தேய்த்ததையா? எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் சரி பண்ணிக் கொடுத்திருக்கிறான், வழக்கம்போல. அவமானத்தில் காதுமடல் சுட்டது. அதோடு கூடவே, குரல் திரும்பி வந்ததில் உடம்பு முழுதும் பரவிய நிம்மதியையும் மறைக்க முடியவில்லை, அதுதான் ரொம்ப வலித்தது. போன் அடிக்கும் என்று காத்திருந்தாள். அடிக்கவில்லை. அவனும் காத்திருக்கிறான் போல.

குறிப்பு எழுதும் பக்கத்தைத் திறந்தாள். யாருக்கும் அனுப்பாத பக்கம் அது, காய்கறிக் கணக்கும் மருந்துப் பெயரும் எழுதி வைப்பது. எழுத்தெழுத்தாகத் தட்டினாள், ஒவ்வொரு எழுத்தையும் குரல் சொல்லச் சொல்ல, அங்கே அவனும் படிக்கிறான் என்று தெரிந்தே தட்டினாள். ‘அண்ணே, ஒருத்தர் ஞாயித்துக்கிழமை நம்ம வீட்டுக்கு வர்றேன்னு சொல்லியிருக்கார். என்னைப் பொண்ணு கேட்டு.’ நிறுத்தினாள். விசிறி மூன்று சுற்றுச் சுற்றி முனகியது, இன்னும் மூன்று சுற்று, இன்னும் மூன்று. பிறகு அவள் எழுதியதற்குக் கீழே, அவள் கை படாமல், எழுத்துகள் விழத் தொடங்கின. குரல் அவற்றையும் அதே அக்கறையோடு சொன்னது. ‘யாரு?’ அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லில் அவன் தாடை இறுகியதுகூட அவளுக்குக் கேட்டது. ஒரு நிமிடம் இருக்கும், மறுபடி விழுந்தன: ‘எத்தனை பேர் வர்றாங்க? அண்ணிகிட்ட சொல்லணும்.’

அதைக் கேட்டுக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. இப்படியே விட்டுவிடலாமே என்று மனது இளகியது, கெட்டவனா அவன், இத்தனை வருடம் இருந்தது இருக்கட்டுமே, இன்னொரு வருடம், இன்னொரு நாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு தட்டினாள்: ‘எத்தனை பேர்னு தெரியல. வருவாரான்னே தெரியல. அவர் மெசேஜ் காலையிலயே வந்துருச்சு, நான் இன்னும் திறக்கல. நான் முதல்ல படிச்சுக்கறேண்ணே.’

மறுபடி அமைப்புகளுக்குள் போனாள், அணுகல்தன்மைக்குள் போனாள். இந்தத் தடவை பெயரைக் கடைசி எழுத்துவரை கேட்டாள். துணைவிழி. உள்ளே போனதும் பக்கம் தானாகப் பின்னால் போய்விட்டது. அவள் திகைத்தாள். நடக்கத் தெரியாத பிள்ளையைப் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்ததுபோல் இருந்தது. ‘அண்ணே’ என்று சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்தாள், திட்டினாளா கெஞ்சினாளா என்று அவளுக்குத் தெரியாது. மறுபடி உள்ளே போனாள். இந்தத் தடவை பக்கம் அப்படியே நின்றது. ‘நிறுத்தினால் இந்தச் செயலி உங்கள் சாதனத்தைப் பார்க்கவோ இயக்கவோ முடியாது, நிறுத்தவா?’ என்றது குரல். கேள்வி முழுதாக முடியும்வரை இருந்தாள். அவனுக்கும் கேட்கட்டும் என்று இன்னும் ஒரு மூச்சு இருந்தாள். பிறகு நிறுத்து என்பதை இரண்டு முறை தட்டினாள்.

ரெஜினா தூக்கத்திலேயே புரண்டு, ‘சாப்ட்டியா பூங்கோதை?’ என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் மறுபடி தூங்கிப்போனாள். இரண்டு மணிக்கு இன்னும் ஏழு நிமிடம் இருந்தது. பூங்கோதை தணிகாசலத்தின் செய்தியைத் திறந்து, சத்தத்தைக் குறைத்து, கைபேசியைக் காதோடு சேர்த்து வைத்து, சுவர்ப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தாள். அவர் என்ன எழுதியிருந்தார் என்பது இப்போது அவளுக்கு மட்டும் தெரியும். இவ்வளவு நேரம் அவள் மனசுக்குள்ளேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த நாமும் இனி எழுந்து வெளியே போவதுதான் முறை.